சனிக்கிழமை மத்தியானம் போட்ட கணக்கு

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். திருவொற்றியூரில், கடலைப் பார்த்த மாதிரி இருந்த ஒரு சோப்புத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. இயந்திரங்களுக்கு வரைபடம் போடுவதும், எந்த இடத்துக்கு எந்த அளவு சாமான் வேண்டும் என்று கணக்குப் பார்ப்பதும் என் பொறுப்பு. காலடிப்பேட்டையில் குடியிருந்தேன். வயது முப்பத்தொன்று. என் கணக்கு தப்பாது என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

சோப்புக் காய்ச்சும் கொப்பரைக்கு மேலே, ஓர் இரும்புத் தொட்டியில் காஸ்டிக் கரைசல் இருக்கும். தொழிலாளிகள் அதைக் காரத்தண்ணி என்பார்கள். சூடான காரத்தண்ணி உடம்பில் பட்டால் தோலோடு நிற்காது, சதையைத் தின்றுவிடும். தொட்டியிலிருந்து கொப்பரைக்கு வரும் குழாயில் ஒரு வால்வு. அதைத் திறக்கவும் மூடவும் ஓர் ஆள் இரும்பு ஏணியில் ஏறி, நீளமான கைப்பிடியைப் பிடித்து இழுக்க வேண்டும். அதற்கு முந்தின வருஷம் அப்படி ஏறிய ஒருவருக்குச் சிதறிய துளி பட்டு ஒரு கண் போய்விட்டது. தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, இனி யாரும் அங்கே ஏறக் கூடாது, கீழே நின்றபடியே மூடுகிற ஏற்பாடு வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார்.

அந்த ஏற்பாடு என் தலையில் வந்தது. வால்வின் பக்கத்தில் காற்றுச் சிலிண்டர் ஒன்றை வைத்து, கம்ப்ரசர் காற்றால் வால்வைத் திருப்புவது. இப்போது இதை ஆக்சுவேட்டர் என்கிறார்கள். சிலிண்டர் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. வால்வு எவ்வளவு இறுக்கமாக இருக்கிறதோ அதைவிடச் சிலிண்டருக்குப் பலம் கூடுதலாக இருக்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

வால்வின் இறுக்கத்தை எப்படி அளப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, வழி சொன்னவர் எங்கள் ஃபிட்டர். வண்ணாரப்பேட்டைக்காரர், என் வயதுதான் இருக்கும். நான் அவரை பாய் என்பேன். காசிமேட்டில் மீன் நிறுக்கிற ஸ்பிரிங் தராசு ஒன்றைத் தெரிந்தவரிடம் கேட்டு வாங்கி வந்தார். அதன் கொக்கியைக் கைப்பிடியின் நுனியில் மாட்டி இழுத்தால், எத்தனை ராத்தல், அதாவது பவுண்டு, இழுப்பில் வால்வு அசைகிறது என்று முள் காட்டிவிடும். சனிக்கிழமை மத்தியானம் நானே ஏணியில் ஏறி இழுத்தேன். முப்பத்திரண்டு ராத்தலில் வால்வு திரும்பியது. குறித்துக்கொண்டேன்.

பாய் கீழே நின்றபடி சொன்னார்: "சார், இப்ப அது நல்லாத்தான் சுத்தும். வாரம் பூரா ஓடி சூடா கீது. திங்கக்கெழம காலைல வந்து இஸ்து பாரு. ஞாயித்துக்கெழம பூரா உள்ள இருக்கிற காரத்தண்ணி உப்பு மாதிரி கட்டிகினு கெடக்கும்."

"பார்க்கலாம் பாய்" என்றேன்.

பார்க்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. கிடங்கில் மூன்று அங்குலச் சிலிண்டர் ஒன்று தயாராகக் கிடந்தது. ஐந்து அங்குலம் வேண்டுமென்றால் சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும், மூன்று மாதமாவது ஆகும். இன்ஸ்பெக்டர் மறுபடி வருவதற்குள் வேலை முடிந்திருக்க வேண்டும் என்று மேனேஜர் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று அங்குலம் போதுமா என்று நான் கணக்குப் போடவில்லை. மூன்று அங்குலம் போதும் என்று வருகிற மாதிரி கணக்குப் போட்டேன். இரண்டும் ஒன்றல்ல என்பது அன்றைக்கே என் மனசுக்குத் தெரியும்.

முப்பத்திரண்டை எடுத்துக்கொண்டேன். வழக்கம்போல, பாதுகாப்புக்காக அதோடு பாதியைக் கூட்டிக்கொண்டேன். காற்றழுத்தத்துக்கு, கம்ப்ரசர் பக்கத்தில் இருக்கிற மானி காட்டிய, சதுர அங்குலத்துக்கு எண்பது ராத்தல் என்பதைப் போட்டேன். அதே காற்றில் இயங்கும், சோப்புக்கு முத்திரை குத்தும் பிரஸ்கள் எல்லாம் சேர்ந்து ஓடும்போது அந்த முள் ஐம்பதுக்கு இறங்கும் என்று எனக்குத் தெரியும். சிலிண்டரின் தண்டு வெளியே தள்ளும்போது இருக்கிற பலம், உள்ளே இழுக்கும்போது கொஞ்சம் குறையும் என்பதும் தெரியும். வால்வை மூடுவது இழுக்கிற பக்கம். இவையெல்லாம் தெரிந்தும், தாளில் எழுதவில்லை. விடை சரியாக வந்தது. கீழே கையெழுத்துப் போட்டேன்.

சிலிண்டரைப் பொருத்தியது பாய்தான். வேலை முடிந்ததும் பழைய கைப்பிடியைக் கழற்றிவிடச் சொன்னேன். அவர் கழற்றவில்லை. "இருக்கட்டும் சார், அது பாட்டுக்கு ஓரமா கெடக்கும்" என்றார். அவசரத்தில் நானும் விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை முதல் சனிக்கிழமை வரை ஏற்பாடு அழகாக வேலை செய்தது. கீழே ஒரு சின்னப் பிடியைத் திருப்பினால் போதும், மேலே வால்வு திரும்பும். மேனேஜர் என் தோளில் தட்டினார்.

அடுத்த திங்கட்கிழமை காலை. கொப்பரையில் கொழுப்பு உருகிக் கொதிக்கத் தொடங்கியிருந்தது. அன்றைக்குப் பிடியைத் திருப்பியது நான். சிலிண்டர் ஒரு கணம் தயங்கி, பிறகு வெடுக்கென்று உதறி வால்வைத் திறந்தது. அந்த உதறல் சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் திறந்துவிட்டதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். காரத்தண்ணி கொப்பரைக்குள் விழுந்தது. அந்த நேரத்தில் பக்கத்துக் கொட்டகையில் பிரஸ்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன.

வேண்டிய அளவு விழுந்ததும், காய்ச்சுவதைக் கவனிக்கும் கொப்பரைக்காரர் போதும் என்று கையைக் காட்டினார். பிடியை மூடுகிற பக்கம் திருப்பினேன். சிலிண்டர் சீறியது. வால்வு கால்வாசி திரும்பி நின்றுவிட்டது. மறுபடி திருப்பினேன். நடுங்கியதே தவிர நகரவில்லை. காரத்தண்ணி விழுந்துகொண்டே இருந்தது. அளவுக்கு மேல் விழுந்தால் கொப்பரை பொங்கும். பால் பொங்குகிற மாதிரித்தான், ஆனால் ஓர் அறை அளவு பால்.

கொப்பரைக்காரர் சுவருக்கும் கொப்பரைக்கும் நடுவில் நின்றிருந்தார். வெளியே வர இருந்த ஒரே வழி, கொப்பரையின் விளிம்பை ஒட்டிய பலகை. நுரை அந்தப் பலகையைத் தொட்டுவிட்டது. அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். கத்தக்கூட இல்லை.

நான் என்ன செய்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்தச் சின்னப் பிடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே நின்றேன். ஏணி எனக்கு நாலடி தூரத்தில் இருந்தது. என் கால் நகரவில்லை.

பாய் எங்கிருந்து வந்தார் என்று நான் பார்க்கவில்லை. பார்த்தபோது ஏணியின் பாதியில் இருந்தார். மேலே போய், சிலிண்டரையும் வால்வையும் இணைத்த ஆணியைத் தட்டி எடுத்தார். பழைய கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பு முழுக்கச் சாய்த்து இழுத்தார். ஒரு தரம், இரண்டு தரம். மூன்றாவது தரம் வால்வு கிறீச்சிட்டுத் திரும்பியது. அந்த வேகத்தில், வால்வுக்குள் தண்டு நுழைகிற இடத்திலிருந்து காரத்தண்ணி பீறிட்டு, அவர் வலது தோளிலிருந்து முழங்கை வரை வழிந்தது. அவர் கையை எடுக்கவில்லை. வால்வு முழுசாக மூடிய பிறகுதான் விட்டார்.

நுரை மெல்ல இறங்கியது. கொப்பரைக்காரர் பலகையில் ஓடி வெளியே வந்தார். அவரும் நானும் சேர்ந்து பாயைத் தண்ணீர்த் தொட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். யாரோ தேங்காயெண்ணெய் என்றார்கள். "எண்ண வாணாம், தண்ணி ஊத்து, நிறுத்தாம ஊத்து" என்றார் கொப்பரைக்காரர். வாளி வாளியாக ஊற்றினேன். பாய் பல்லைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ராயபுரம் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். இன்ஸ்பெக்டருக்கு அனுப்ப வேண்டிய அறிக்கை. வால்வுக்கு எண்ணெய் போட்டுப் பராமரிக்க ஃபிட்டர் தவறியதால் அது இறுகி விபத்து நேர்ந்தது என்று டைப் அடித்திருந்தது. "நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டுவிடுங்கள். யாருக்கும் தொந்தரவு வேண்டாம்" என்றார். நாளைக்குத் தருகிறேன் என்று வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். முடியாது என்று அந்த இடத்திலேயே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாய் தோளிலும் கையிலும் கட்டோடு கண்ணை மூடிப் படுத்திருந்தார். அவர் மனைவி கட்டிலுக்கு அருகே தரையில் உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று சொன்னதும் எழுந்து நின்றார். சேதி அவருக்கு அதற்குள் வந்திருந்தது.

"இவரு எண்ண போடலன்னு எழுதிகீறாங்களாமே சார்" என்றார். குரலில் கோபம் இல்லை. "வூட்ல என் தையல் மிஷினுக்குக் கூட வாராவாரம் எண்ண போட்டு வெச்சிட்டுத்தான் படுப்பாரு. அவரப் போயி அப்டி எழுதிட்டாங்களே."

அந்தத் தாள் என் பையில் இருந்தது.

பாய் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது இதுதான்: "அந்த வால்வ இப்ப யாரு மூடுறாங்க சார்?"

"யாரும் தொடவில்லை. கொப்பரையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்" என்றேன்.

"திங்கக்கெழம காலைல ஒருதபா தராசு மாட்டிப் பாரு சார். பாத்துட்டு அப்பால எது வோணா செய்யி."

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். அவர் மனைவிக்கு முன்னால் அந்தச் சொல் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள், கையெழுத்துப் போட முடியாது என்று மேனேஜரிடம் சொன்னேன். திங்கட்கிழமை விடிந்ததும் கொப்பரைக்காரரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஏணியில் ஏறித் தராசை மாட்டினேன். முப்பத்திரண்டில் வால்வு அசையவே இல்லை. நாற்பது, ஐம்பது. அறுபதில்தான் திரும்பியது.

உட்கார்ந்து நானே ஓர் அறிக்கை எழுதினேன். இறுக்கத்தை எந்த நாளில், எந்த நேரத்தில் அளந்தேன், காற்றழுத்தம் எவ்வளவு என்று எடுத்துக்கொண்டேன், உண்மையில் எவ்வளவு, திங்கட்கிழமை அளக்கும்படி ஃபிட்டர் சொன்னதை எப்படிக் கேட்காமல் விட்டேன் என்று ஒன்றுவிடாமல் எழுதினேன். சிலிண்டரைத் தேர்ந்தெடுத்ததில் பிழை என்னுடையது, பராமரிப்பில் குறை இல்லை என்று முடித்தேன். மேனேஜர் படித்துவிட்டு, "இதை அனுப்பினால் உமக்கு இங்கே இடம் இருக்காது" என்றார். அனுப்புங்கள் என்றேன். இன்ஸ்பெக்டரும் படித்தார். பாய்க்குச் சேர வேண்டிய நஷ்டஈடு சேர்ந்தது. எனக்கு அந்த மாதக் கடைசியோடு வேலை போயிற்று. அதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஐந்து அங்குலச் சிலிண்டர் வந்து சேர்ந்தபோது நான் அங்கே இல்லை. பாய் நாலு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். வலது முழங்கை முழுசாக நீளவில்லை. ஸ்பேனர் பிடிக்கும் வேலை இனி முடியாது என்று சாமான் கிடங்கில் உட்கார வைத்திருந்தார்கள். அன்றைக்குத்தான் கேட்டேன்.

"பாய், அது என் தப்பு. என்னை மன்னிக்கணும்."

"தப்புன்னு நீயே எழுதிக் குடுத்தியே சார். அதுவே போதும்" என்றார். "ஆனா ஒண்ணு. அன்னிக்கி நீ பாக்கலாம்னு சொன்னப்பவே, பாக்க மாட்டேன்னு எனக்குத் தெரிஞ்சி போச்சி. நானும் அதோட வுட்டுட்டேன். இன்னொரு தபா சொல்லி இருக்கணும்." டீ வரவழைத்தார். இடது கையால் தம்ளரை எடுத்துக் குடித்தார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

அதன் பிறகு வேறு வேறு ஊர்களில், எத்தனையோ வால்வுகளுக்குச் சிலிண்டர் அளவு குறித்துக் கொடுத்திருக்கிறேன். இன்றைக்கும் விடை வந்த பிறகு உடனே கையெழுத்துப் போடுவதில்லை. இது தப்பாகப் போனால் ஏணியில் ஏறப்போகிறவர் யார் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கிறேன். அந்த ஒரு நிமிஷத்துக்காக ஒரு மனிதர் தன் வலது கையைக் கொடுத்திருக்கிறார்.