அயிரை வராத தண்ணீர்

அருவி ஆற்றில் வலை போட்ட, கம்பஸில் மீன்களைப் பற்றிப் படிக்கிற பிள்ளை, பிடித்த மீன்களை வாளியில் விட்டு எண்ணினாள். கரையில் நின்ற என்னைச் சேற்று வாசம் ஏழு வயதுக்கு இழுத்துப் போனது.

குடிக்கத் தண்ணீர் அள்ளுமுன் அம்மா ஆற்றில் ஒரு பிடி சோறு போடுவார். அயிரைகள் வந்து கொத்தினால்தான் குடம் இறங்கும். ஒரு கோடையில் தண்ணீர் கண்ணாடி போலத்தான் கிடந்தது. அயிரை வரவில்லை, விரால் மட்டும் மேலே வந்து காற்றை விழுங்கிப் போனது.

"வேண்டாம் பிள்ளை, தண்ணிக்குச் சுகமில்லை."

"தண்ணிக்குக் காய்ச்சலோ அம்மா?"

அம்மா திரும்பியதும் களவாய் இரண்டு கை குடித்தேன். மூன்று நாள் வயிற்றுப்போக்கில் பாயோடு கிடந்தேன். அந்தச் சின்ன மீன்களுக்குத் தெரிந்தது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

"அயிரை கிடக்கோ, மகள்?" என்று வாளியை எட்டிப் பார்த்துக் கேட்டேன்.

அவள் நிமிர்ந்தாள். "அதைத்தான் தேடுறன், அம்மம்மா. அது இருந்தால் ஆறு சுகமாயிருக்கெண்டு அர்த்தம். இதை நீங்கள் எங்க படிச்சனீங்கள்?"

"வயித்தால போய்ப் படிச்சனான்."

அவள் சிரித்து முடிக்குமுன் வாளியின் அடியில் அயிரை ஒன்று நெளிந்தது. இருவரும் மூச்சுவிடாமல் குனிந்தோம்.