வெர்லின் காஃபியின் இடது பாக்கெட்

எங்கள் பக்கத்தில் இடுப்பில் துப்பாக்கி இல்லாத ஆம்பிளையைத் தேட வேண்டுமானால் பிரசவ வார்டுக்குத்தான் போக வேண்டும். அதனால் வெர்லின் காஃபி சட்டைக்குள் ஒரு கைத்துப்பாக்கியை மறைத்து வைத்திருந்ததை எங்கள் ஊர் ஸ்லேட் ஃபோர்க்கில் யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதில்லை. ஊர் பேசியதெல்லாம் அவருடைய இடது பாக்கெட்டைப் பற்றித்தான். அதில் ஓர் உபரி மேகசின் இருக்கும். பத்துத் தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியின் பிடிக்குள் செருகுகிற, உள்ளங்கை நீளமுள்ள இரும்பு உறை அது. உள்ளே இருப்பது தீர்ந்துபோனால் மாற்றிக்கொள்வதற்கு. இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக அந்த பாக்கெட்டில் வேறு எதுவும் போனதில்லை. சில்லறை கிடையாது, சாவி கிடையாது, கைக்குட்டை கிடையாது. பஞ்சும் தூசியும் போனால் ஸ்ப்ரிங் மாட்டிக்கொள்ளும், அவசரத்தில் கை தடுமாறும் என்பார்.

மாவட்டத் தண்ணீர்க் குழாய்களைப் பழுது பார்க்கிற வேலையில் இருந்தவர். பனியிலும் சேற்றிலும் பள்ளம் தோண்டிப் படுத்துக்கிடந்தே ஓய்வு பெற்றவர். பள்ளத்துக்குள் இறங்கும்போதும் அந்த இரும்பு தொடையைக் குத்திக்கொண்டுதான் இருக்கும். காலையில் பிஸ்கட் என்கிற ரொட்டியும் கிரேவியும் சாப்பிட வருகிற கடையில், அவரோடு குழாய் வேலை பார்த்த டெல்மர் அவரைச் சும்மா விடமாட்டார்.

"வெர்லின், இடது பக்கமா சாய்ஞ்சு நடக்குற பாரு. எத்தன பேருய்யா உன்ன அடிக்க வரப்போறாங்க? ஊர்ல இருக்குறதே முன்னூறு பேரு."

"உன்ன மாதிரி ஒருத்தன் வந்தாலே ரெண்டு மேகசின் தேவைப்படும். உன் தொப்பையிலயே தோட்டா எல்லாம் நின்னுபோயிரும்."

"அப்ப ட்ரக்குல போட்டு வையேன். ஏன் சுமக்குற?"

கேலி அங்கே நின்றுவிடும். வெர்லின் காபியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வார்: "வண்டில இருக்குறது உங்கிட்ட இருக்குறதாகாது, டெல்மர்."

இதை அவர் யாரிடம்தான் சொல்லவில்லை. சர்ச்சில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் சொன்னார், மகள் ட்ரெஸ்ஸாவைக் கட்டிக்கொள்ள வந்த பையனிடம் முதல் சந்திப்பிலேயே சொன்னார். ஊருக்கும் காரணம் தெரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் அவருடைய தம்பி ராய்ஸ் நெடுஞ்சாலை பெட்ரோல் பங்கில் கல்லாவில் இருந்தபோது கொள்ளையடிக்க ஒருவன் வந்தான். ராய்ஸிடம் ஐந்து குண்டு ரிவால்வர் இருந்தது. ஐந்தையும் சுட்டான், ஒன்றும் படவில்லை. மீதித் தோட்டா டப்பா வாசலில் நின்ற ராய்ஸின் காரில், சீட்டுக்கு அடியில் இருந்தது. போலீஸ்காரர் அந்த டப்பாவை வெர்லின் கையில்தான் கொடுத்தார், அப்படியே பிரிக்காமல். இருபத்து மூன்று வயது தம்பியைப் புதைத்துவிட்டு வந்த மனிதர் பிறகு வண்டியில் எதையும் நம்பி வைத்ததில்லை.

ஒன்றே ஒன்றைத் தவிர.

அவர் மனைவி நடீனுக்குக் குளவி ஆகாது. தோட்டத்தில் ஒரு தடவை கொட்டி, முகம் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டபோதுதான் தெரிந்தது. அதிலிருந்து ஊசிப் பேனா வந்து சேர்ந்தது. தொடையில் வைத்து அழுத்தினால் மருந்து ஏறிவிடும். பெட்டிக்கு இரண்டாகத்தான் தருவார்கள். இளம் பெண் டாக்டர் ஒருத்தி இருவரையும் உட்கார வைத்துச் சொன்னாள்.

"முதல் ஊசில சரியான மாதிரி இருக்கும். பத்து, பதினஞ்சு நிமிஷத்துல திரும்ப வரலாம். ரெண்டாவது எப்பவும் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கணும்."

"ஸ்பேர் வச்சுக்கறதப் பத்தி இவருக்குப் பாடம் எடுக்காதம்மா," என்றாள் நடீன். "இவரு உனக்கே எடுப்பாரு."

வெர்லினுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இரண்டாவது பேனா தன் பொறுப்பு என்று அவரேதான் வாங்கிக்கொண்டார். அவளுடைய பேனா அவள் கைப்பையில் இருக்கும்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பேனாவுக்கு இடம் இல்லை. வலது பக்கம் துப்பாக்கி உறை, அதற்குக் கீழே சாவியும் கத்தியும். சட்டைப் பையில் வைத்தால் குனியும்போது விழுகிறது. பின் பாக்கெட்டில் வைத்தால் அதன் மேலேயே உட்கார வேண்டும். இடது பாக்கெட்டில் தாராளமாகப் போகும், ஆனால் அங்கே போகக் கூடாது. இரண்டு நாள் தடுமாறிவிட்டு ட்ரக்கின் டாஷ்போர்டுப் பெட்டிக்குள் வைத்தார். ட்ரக் தன்னோடுதானே வருகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். நடீன் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இது ஏன் இங்க கெடக்கு? பாக்கெட்ல வைன்னுதானே சொன்னேன்."

"வைக்கிறேன்."

"எப்ப வைப்ப, என்னப் பொதைச்சப்புறமா?"

அவள் அப்படித்தான் பேசுவாள், சிரித்துக்கொண்டே. அவரும் சிரித்தார். பத்து வருடம் குளவி ஒன்றும் வரவில்லை. காலாவதியான பேனாக்களை மட்டும் ஒழுங்காக மாற்றிக்கொண்டே வந்தார்கள்.

ஆகஸ்டு கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சில் கல்லறை சுத்தம் செய்கிற நாள். பிரார்த்தனை முடிந்ததும் எல்லோரும் மேட்டுக்கு ஏறி அவரவர் ஆட்களின் கல்லறைகளில் புல் வெட்டி, பூ வைத்துவிட்டு, அங்கேயே மரத்தடியில் துணி விரித்துச் சாப்பிடுவார்கள். வழக்கமாக வண்டிகள் மேடு வரைக்கும் போகும். அந்த வருடம் மழை பாதையை அரித்துவிட்டதால் எல்லோரும் வண்டியைக் கீழே சர்ச் வாசலில் நிறுத்திவிட்டு, பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு நடந்தே ஏறினார்கள்.

காலையில் கிளம்பும்போதே நடீன் டாஷ்போர்டுப் பெட்டியிலிருந்து பேனாவை எடுத்து அவர் கையில் வைத்திருந்தாள். "இன்னிக்காவது பாக்கெட்ல போடு, வெர்லின். மேட்டுல புல்லு நெறைய இருக்கும்." சரி என்றார். வலது பாக்கெட்டில் கத்தியோடு செருகியவர், ஓட்டும்போது தொடையில் இடிக்கிறது என்று திரும்பப் பெட்டியில் வைத்தார். இறங்கும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். இறங்கினார், கதவைச் சாத்தினார், பழக்கப்படி இடது தொடையைத் தட்டிப் பார்த்தார். இரும்பு இருந்தது. தொடை கனமாக இருந்தால் எல்லாம் இருக்கிறது என்று அவர் உடம்புக்குப் பல வருடத்துப் பாடம். சோளரொட்டிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறிவிட்டார்.

ராய்ஸின் கல்லறைக்குப் பக்கத்தில் நடீன் மண்டியிட்டுக் களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது மண்ணுக்குள் இருந்த மஞ்சள் குளவிக் கூடு கலைந்தது. கழுத்தில் இரண்டு, கையில் ஒன்று கொட்டியது. அவள் பதறவில்லை. கைப்பையிலிருந்து பேனாவை எடுத்துத் தானே தொடையில் குத்திக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தாள். யாரோ ஆம்புலன்ஸுக்கு போன் செய்தார்கள். மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து வர நாற்பது நிமிடமாகும் என்றார்கள். நடீனுக்கு மூச்சு சீரானது.

"ராய்ஸுக்கு நான் வந்தது பிடிக்கல போலருக்கு," என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

கால் மணிக்குள் குரல் கரகரத்தது. உதடு தடித்தது. அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினாள்.

"ரெண்டாவது குடு."

வெர்லினின் கை யோசிக்காமல் இடது பாக்கெட்டுக்குள் போய் வெளியே வந்தது. இருவரும் குனிந்து அவர் உள்ளங்கையைப் பார்த்தார்கள். எண்ணெய் மினுங்குகிற மேகசின், மேலே பித்தளைத் தோட்டா ஒன்று தெரிந்தது. நடீன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். கோபமாகப் பார்த்திருந்தால் அவர் பிற்பாடு கொஞ்சம் தூங்கியிருப்பார்.

அவர் ஓடினார். அறுபத்தாறு வயது, ஒரு முட்டி ஏற்கெனவே போனது. விழுந்து எழுந்து கீழே போய், பேனாவை எடுத்துக்கொண்டு மேடு ஏறி வந்தபோது அவளுக்கு நினைவில்லை. குத்தினார். டெல்மர் அவள் மார்பை அழுத்திக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸ் வந்தது, தூக்கிப் போனார்கள். சாயங்காலம் அவள் போய்விட்டாள் என்று சொன்னார்கள்.

ட்ரெஸ்ஸா தான் குடியிருக்கிற லெக்சிங்டன் நகரத்திலிருந்து மூன்று மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ரெண்டாவது பேனா எங்கப்பா?"

"ட்ரக்குல இருந்துது."

"ட்ரக்குலயா? எத்தன தடவ சொல்லிருப்பேன் அம்மாகிட்ட. கையில வைமா, கையில வைமான்னு. கேட்டாளா அவ?"

இரண்டாவது பேனா அவர் பொறுப்பு என்று அவளுக்குத் தெரியாது. அங்கேயே சொல்லியிருக்கலாம். அவர் வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிய அந்த நொடியில்தான் அவர் செய்த பெரிய தப்பு இருக்கிறது என்பேன். பேனாவை மறந்தது மனித சுபாவம்.

சவ அடக்கத்தில் ஊரே அவரைத் தேற்றியது. அந்த வயதில் எப்படி ஓடினார் என்று மாய்ந்து மாய்ந்து பேசினார்கள். அவர் கைக்குள் அன்று என்ன இருந்தது என்று பார்த்தவள் பெட்டிக்குள் படுத்திருந்தாள். பத்துக்கு மேற்பட்ட வீடுகளிலிருந்து சாப்பாடு வந்தது, ஒன்றையும் அவர் தொடவில்லை.

அதற்குப் பிறகு ட்ரெஸ்ஸா தினமும் போன் செய்தாள். அவருக்கு மிச்சமிருந்த மனுஷி அவள் ஒருத்திதான். முதலில் அழுதாள், பிறகு கோபப்பட்டாள், கோபமெல்லாம் அம்மா மேல். எவ்வளவு அசட்டை, தன் உசிரப் பத்தி நினைக்கலன்னாலும் நம்மளப் பத்தி நினைச்சாளா என்று பொருமுவாள். "உங்கள இப்படித் தனியா விட்டுட்டுப் போயிட்டாளேப்பா" என்பாள். அவர் "ம்" என்பார். ஒவ்வொரு "ம்"முக்கும் நடீன் இன்னும் கொஞ்சம் குற்றவாளி ஆனாள். சொன்னால் மகள் போய்விடுவாள், சொல்லாவிட்டால் மனைவியின் பெயர் போகிறது. இரண்டு மாதம் அந்த மனிதர் உருக்குலைந்துபோனார்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை அம்மாவின் துணிகளை எடுத்துப்போக ட்ரெஸ்ஸா வந்தாள். படுக்கையறையில் பெட்டிகளில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். வெர்லின் வாசல் நிலையில் நின்றார்.

"கல்லறைக்குப் போய்ட்டு வந்தியாம்மா?"

"இல்ல. அடக்கம் பண்ணதோட சரி. அங்க போனா அவகூட சண்டதான் போடுவேன்." ஒரு ஸ்வெட்டரை உதறி மடித்தாள். "பூ வச்சுட்டு சண்ட போடறது நல்லாருக்காது."

வெர்லின் உள்ளே வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ட்ரெஸ்ஸா, பேனாவ அம்மா ட்ரக்குல வைக்கல."

அவள் நிமிர்ந்தாள்.

"அன்னிக்குக் காலைல எடுத்து என் கைல குடுத்தா. பாக்கெட்ல போடுன்னா. நான்தான் திரும்ப வச்சேன். பத்து வருஷமா நான்தான் வச்சேன். எப்பவும் சொல்லிட்டேதான் இருந்தா அவ."

"ஏன்?"

"பாக்கெட்ல எடமில்ல."

ட்ரெஸ்ஸாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்பாவின் இடது தொடையைப் பார்த்தாள். அவர் மீதியையும் சொன்னார், மரத்தடியில் கை எதை எடுத்து நீட்டியது என்பது வரைக்கும். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார், அழுவாள் என்று காத்திருந்தார்.

"மறந்தீங்க, சரி," என்றாள். "அத ஒரு நாள் மன்னிச்சிருப்பேன்பா. ரெண்டு மாசமா தினமும் போன்ல அவளத் திட்டிருக்கேன். கேட்டுக்கிட்டே இருந்தீங்களே."

அவள் பார்வை திரும்பவும் அவர் தொடைக்குப் போனது.

"இப்பவும் இருக்கா பாக்கெட்ல?"

கையை வைத்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. காலையில் பேண்ட் போடும்போது கை தானாகச் செருகியிருந்தது.

"இருக்கு," என்றார்.

அவள் பெட்டியை மூடி, டேப் ஒட்டி, தூக்கிக்கொண்டாள். அவர் உதவ எழுந்தார். வேண்டாம் என்று தலையசைத்தாள். நாலு பெட்டியையும் ஒவ்வொன்றாகத் தானே கொண்டுபோய்க் காரில் வைத்தாள். கடைசியில் வாசலில் நின்று, அவரைப் பார்க்காமல் சொன்னாள்.

"அம்மாவப் பாக்கப் போறேன். மன்னிப்புக் கேக்கணும். நீங்க வராதீங்க."

கார் மேட்டுப்பாதைப் பக்கம் திரும்புகிற வரைக்கும் வெர்லின் வாசலிலேயே நின்றார். அன்று அவள் போன் செய்யவில்லை, மறுநாளும் செய்யவில்லை.