சமத்துப் பிள்ளை

என் தம்பி மனைவிக்கு ஒரு ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. இயந்திரம் துவைத்துக் கக்கும் ஈர விரிப்புகளை இரண்டு கையாலும் வாரி, வயிற்றோடு அணைத்துக்கொண்டு போய் உலர்த்தியில் திணிக்க வேண்டும். மார்பிலிருந்து முழங்கால்வரை எப்போதும் சொதசொதவென்றிருக்கும். நிறைமாதத்திலும் போனாள். கேட்டால், "வீட்டுல உக்காந்து என்னத்தக் கிழிக்கப் போறேன், அண்ணி?" என்பாள்.

பனிக்குடம் உடைந்தது அங்கேதான். அவளுக்குத் தெரியவில்லை. விரிப்பின் ஈரம் என்று நினைத்துவிட்டாள். மறுநாளும் ஒரு ஷிப்ட் பார்த்தாள். அதற்கும் மறுநாள்தான் வலி எடுத்தது. தண்ணீர் எப்போது போனது என்று நர்ஸ் கேட்டதற்கு, "யாருக்குத் தெரியும்? நான் எப்பவுமே ஈரந்தான்" என்றாளாம். நர்ஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டதாம். பையன் பிறந்தான்.

வீட்டுக்கு வந்தபின், ஐந்தாம் நாள் பிள்ளை தூங்கிக்கொண்டே இருந்தான். எழுப்பினாலும் எழவில்லை. பால் கொடுத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வாயை எடுத்துவிட்டான்.

"என்னமோ மாதிரி இருக்கான், அண்ணி. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா?"

நான் இரண்டு பெற்றவள், எல்லாம் தெரிந்தவள். தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. உடம்பு கொஞ்சம் ஜில்லென்றுகூட இருந்தது. "சமத்துப் பிள்ளைடி. என் ரெண்டும் அலறி அலறி என் உசுர வாங்குச்சு. நீ சும்மா கெட" என்று அதட்டினேன். இந்த நாக்கில் சூடு போட்டாலும் தகும்.

மறுநாள் காலை கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. ஓடினோம். பிள்ளையின் முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்த்தார்கள். மூளையைச் சுற்றியிருக்கும் சவ்வில் கிருமி. பல தாய்மாரின் உடம்பில் அந்தக் கிருமி சும்மா கிடக்கும், அவர்களை ஒன்றும் செய்யாது, பனிக்குடம் உடைந்து நேரமாகிவிட்டால் பிள்ளைக்கு ஏறிவிடலாம் என்றார் டாக்டரம்மா. இவ்வளவு சின்ன உடம்புக்குக் காய்ச்சல் வந்துதான் ஆகவேண்டும் என்றில்லையாம். பால் குடிக்காமல் அசந்து கிடப்பதே அடையாளமாம்.

"நேத்தே கொண்டு வந்திருக்கலாம்" என்றார்.

சுவரில் கை கழுவும் முறையைப் படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இருபத்தொரு நாள் மருந்து ஏற்றினார்கள். பிழைத்தான். இழுப்பும் நின்றது. காதை மட்டும் பார்த்துவிட வேண்டும், இந்த நோய் காதைக் கெடுத்துவிடக்கூடும் என்று தேதி கொடுத்து அனுப்பினார்கள். அந்தத் தேதிவரை தம்பி வேலைக்குப் போனான், வந்தான். நாங்கள் சமைத்தோம், சாப்பிட்டோம். என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பிள்ளைக்குக் கேட்கிறதா என்று ஒருவரும் கதவைத் தட்டிப் பார்க்கவில்லை, கை தட்டிப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் பயம்.

பிள்ளை தூங்கும்போது தலையில் ஒயர் ஒட்டி, காதுக்குள் சத்தம் விட்டுப் பார்த்தார்கள். இரண்டு காதும் கேட்கவில்லை என்றார்கள்.

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம். எனக்குத் தாங்கவில்லை. "நாந்தாண்டி அன்னிக்கு உன்னத் தடுத்தேன்" என்றேன்.

"தெரியும், அண்ணி."

அவ்வளவுதான். நாலு அறை அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

மடியில் பிள்ளை விழித்து, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைத் தன் பக்கம் திருப்ப அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

"இனிமே இவன எப்படிக் கூப்பிடுறது, அண்ணி?"