விபூதித் தட்டில் முன்னூறு வெள்ளி

தொழிற்சங்கப் பதிவாளர் அலுவலகத்துக் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி ஒருவர் தோட்டத்துக்கு வருவார், சங்கத்தின் கணக்குப் புத்தகத்தோடும் ரசீதுகளோடும் பொருளாளர் தயாராக இருக்க வேண்டும் என்று மலாயில் நான்கு வரி. அந்தப் பொருளாளர் வேலாயி, மலையூரான பிரிஞ்சாங்குக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். அப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. அது 1982ஆம் ஆண்டு. பொதுத்தேர்தல் முடிந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது.

அவள் பொருளாளர் ஆனது படிப்பினால் அல்ல. தோட்டப் பள்ளியில் நான்காம் வகுப்போடு நின்றவள். மழை நாளில் கொழுந்து நனைந்து எடை கூடுகிறது என்று சொல்லி, நிறுக்கும்போது கூடைக்கு நான்கு கிலோவைக் கம்பெனி கழித்து வந்தது. இருபது கிலோ பறித்தால் பதினாறுக்குத்தான் கூலி. அந்த மலையில் மழை இல்லாத நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 1979இல் ஒரு மத்தியானம் வேலாயி தன் கூடையைத் தராசில் வைத்து, எல்லோரையும் முள்ளைப் பார்க்கச் சொன்னாள். பிறகு கொழுந்தைக் கொட்டகையில் சாக்கின்மேல் பரப்பினாள். இலை வாடுவதற்கு முன், மேல் ஈரம் மட்டும் காற்றில் போகும்வரை காத்திருந்து திரும்ப நிறுத்தாள். ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது. இதைப் பன்னிரண்டு முறை செய்து தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். அந்த நோட்டை வைத்துத்தான் சங்கம் தொழிலாளர் இலாகாவுக்கு வழக்கைக் கொண்டுபோனது. நிறுக்கத் தெரிந்தவள் என்று சொல்லிப் பெட்டிச் சாவியையும் அவளிடமே கொடுத்தார்கள்.

சங்கம் சிறியது. அந்த ஒரு தோட்டத்துக்கென்று பதிவானது, நூற்று அறுபது பேர் கொண்டது. தலைவர் சாம்பசிவம், தேயிலை ஆலையில் இயந்திரம் பார்ப்பவர். கட்சிக் கிளைக்கும் அவரே தலைவர், மாரியம்மன் கோயில் கமிட்டிக்கும் அவரே தலைவர். யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை. மூன்று வேலையையும் செய்ய ஒருவர் கிடைத்தாரே என்றுதான் இருந்தார்கள்.

சம்பள நாளன்று ஆபீஸ் வாசலில் ஒரு பித்தளைத் தட்டு இருக்கும். ஓரத்தில் கொஞ்சம் விபூதி. சம்பளம் வாங்கி வருகிறவர்கள் விபூதியைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு ஒரு வெள்ளியோ இரண்டு வெள்ளியோ போடுவார்கள். திருவிழாவுக்கு எவ்வளவு, செத்தவர் வீட்டுக்கு எவ்வளவு, கட்சிக்கு எவ்வளவு என்று பிரிப்பது சாம்பசிவத்தின் வேலை. தட்டில் விழுந்ததைப் பற்றிப் பிறகு ஒருவரும் பேசுவதில்லை. விபூதி வைத்த தட்டுக்குக் கணக்குக் கேட்டால் சாமியையே சந்தேகப்பட்டதாக ஆகிவிடும்.

1980இல் தொழிற்சங்கச் சட்டம் இறுகியது. சங்கப் பணம் அரசியலுக்குப் போகக் கூடாது என்ற சுற்றறிக்கையைத் தோட்டப் பள்ளியில் நடந்த கூட்டத்தில் சாம்பசிவமே வாசித்தார். வேலாயி அதைக் கேட்டுக்கொண்டு முன்வரிசையில்தான் இருந்தாள். ஆகவே தெரியாமல் செய்தாள் என்று பிறகு யாரும் சொல்ல வழியில்லை.

தேர்தலுக்கு முந்தைய மாதம், வேட்பாளருக்காகப் பிரிஞ்சாங்கில் ஒரு கூட்டம் ஏற்பாடானது. ஆட்களை ஏற்றிவரக் கம்பெனி ஐந்து லோரி கொடுத்தது, பெட்ரோலும் கொடுத்தது. மானேஜர் துரை மேடையில் உட்காரப் போவதாகப் பேச்சு. அதற்கு மேல் கம்பெனி என்ன கொடுத்தது என்று தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது; கம்பெனியின் புத்தகத்தைக் கொண்டுவா என்று கேட்கும் அதிகாரி யாரும் அந்த மலையேறி வந்ததில்லை. சாம்பசிவம் வேலாயியிடம் வந்து, சாப்பாட்டுச் செலவு முன்னூறு வெள்ளியைச் சங்கம் ஏற்க வேண்டும் என்றார். ஈரக்கொழுந்து வழக்கு இலாகாவில் கிடக்கிறது, நாளை வேட்பாளர் ஒரு வார்த்தை சொன்னால் நகரும், சொல்லாவிட்டால் அங்கேயே கிடக்கும் என்றார்.

“தொரை அஞ்சு லோரி குடுக்கிறான். நாம கையை வீசிட்டுப் போனா, ஜெயிச்சப்புறம் அந்த ஆளு யாரு மூஞ்சியைப் பார்ப்பாரு? நீயே நிறுத்துப் பாரு.”

வேலாயி இரண்டு நாள் யோசித்தாள். அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் தொல்லை. ஒருவன் கொடுக்கிறான் என்பதே அடுத்தவனையும் கொடுக்க வைக்கிறது. இருவருமே கொடுக்கக் கூடாது என்றால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் சட்டம் அவள் கையை மட்டும்தான் பிடித்திருந்தது.

மூன்றாம் நாள் சம்பள நாள். வேலாயி சங்கப் பெட்டியிலிருந்து முன்னூறு வெள்ளியை எடுத்து, எல்லோரும் பார்க்க, விபூதித் தட்டில் வைத்தாள். தட்டில் வைத்தால் அது சங்கப் பணம் இல்லை, ஊர் கொடுத்த காணிக்கை என்று உண்மையாகவே நம்பினாள். புத்தகத்தில், வழக்கம்போல் ஆங்கில எழுத்தில், ‘அம்மன் தட்டு, 300’ என்று எழுதினாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். ஈரத்தையும் இலையையும் பிரித்து நிறுத்தவள் இதைப் பிரித்துப் பார்க்காதது விந்தைதான். ஆனால் கொழுந்துக் கூடையில் யாரும் விபூதி வைப்பதில்லை.

மறுநாள் சாம்பசிவம் அந்தப் பணத்தைச் சங்கத்தின் பெயர் அச்சிட்ட உறையில் போட்டு அவளிடமே கொடுத்தார். அவள் அதைப் பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த சேக் தாவூதிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் உறையின் மேலிருந்த பெயரைப் பார்த்து, சங்கத்தின் பெயரிலேயே பில் எழுதிவிட்டார்.

இப்போது கடிதம் வந்துவிட்டது. யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள் என்று தோட்டத்தில் பேச்சு. யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. பதிவு ரத்தானால் சங்கம் இல்லை. சங்கத்தின் பெயரில் இருக்கும் ஈரக்கொழுந்து வழக்கும் இல்லை. அந்த வழக்கின் விசாரணைக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது.

செவ்வாய் சாயங்காலமே சாம்பசிவம் வேலாயியின் வீட்டுக்கு வந்து, வழி இருக்கிறது என்றார். கோயில் கமிட்டி சார்பில் அவர் ஒரு ரசீது எழுதித் தருவார். சேக் தாவூத் பில்லைக் கோயில் அன்னதானம் என்று மாற்றித் தர வேண்டும், அவ்வளவுதான்.

“அண்ணே, அந்த பில்லுல ஆட்டுக்கறி பிரியாணி நூத்தி இருவது பொட்டலம்னு இருக்கு.”

சாம்பசிவம் ஒரு நிமிடம் யோசித்தார். “அப்ப முனியாண்டி படையல்னு போடச் சொல்லு.”

புதன்கிழமை வேலாயி அரைநாள் வேலையோடு நிறுத்திவிட்டுப் பிரிஞ்சாங்குக்கு இறங்கினாள். கடையில் மத்தியானக் கூட்டம் கலைந்திருந்தது. சேக் தாவூத் முழுவதையும் கேட்டார். முனியாண்டி என்ற இடம் வந்ததும் அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“பிஸ்மி சொல்லி அறுத்த ஆட்டை முனியாண்டிக்குப் படைச்சீங்களா? அவரு கோவிச்சுக்கலையா?”

வேலாயியும் சிரித்தாள். சேக் தாவூத் பில் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“நீ எழுதச் சொன்னா எழுதித் தாரேன்லா. இத்தனை வருசமாத் தெரிஞ்ச ஆளு நீ. ஆனா ஒண்ணு. அன்னிக்கு மேடையில ஒக்காந்து மொதப் பொட்டலத்தைப் பிரிச்சவரு யாரு தெரியுமா? உங்க தொரை. காரம் பத்தலன்னு வேற சொன்னாரு.”

அவள் புத்தகத்தைப் பார்த்தபடி நின்றாள். பிறகு, வேண்டாம் பாய், மூடி வையுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

காய்கறி ஏற்றிக்கொண்டு கோலா தெர்லாவிலிருந்து வந்த லோரிகள் வரிசையாகக் கடந்து போயின. தோட்டத்துக்கு ஏறும் வழியில் அவள் யோசித்தது நேர்மையைப் பற்றி என்று சொல்ல ஆதாரம் இல்லை. பின்னாளில் அவளே சொன்னது வேறு. வழக்கில் சங்கத்திடம் இருந்தது அவளுடைய நோட்டு ஒன்றுதான். பன்னிரண்டு எடைகள், எல்லாம் அவள் கையெழுத்து. அதிகாரியிடம் படையல் என்று எழுதிக் கொடுத்தால், கம்பெனி இப்போது பேசாமல் இருக்கும். இரண்டு மாதம் கழித்து விசாரணையில் துரை எழுந்து, அந்தப் படையலை நானும் சாப்பிட்டேன் என்பார். பிரியாணியில் பொய் எழுதியவள் தராசில் எழுதமாட்டாளா என்று கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் சங்கம் போகலாம். பொய் சொன்னால் சங்கம் இருக்கும், ஆனால் நோட்டு செத்துவிடும். எது கனம் என்று பார்த்துக்கொண்டே அவள் ஏறினாள். வீடு வந்து சேர்ந்தபோதும் முடிவு தெரியவில்லை.

வியாழக்கிழமை மழை. அதிகாரி பத்து மணிக்கு வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. தோட்டப் பள்ளியின் ஒரு வகுப்பில் மேசை போட்டு வேலாயியும் சாம்பசிவமும் உட்கார்ந்திருந்தார்கள். சாம்பசிவத்தின் சட்டைப் பையில் கோயில் ரசீது எழுதித் தயாராக இருந்தது. கையெழுத்து மட்டும்தான் போட வேண்டும். இரண்டு முறை அதை எடுத்தார், இரண்டு முறை மடித்து வைத்தார். நூற்று அறுபது குடும்பம், வேலாயி, என்று மட்டும் சொன்னார்.

பன்னிரண்டு மணிக்கு அதிகாரி வந்தார். இளம் வயது மலாய்க்காரர். நனைந்த சட்டையோடு உட்கார்ந்து, புத்தகத்தை வாங்கி, ஒவ்வொரு பக்கமாக விரலை ஓட்டிக்கொண்டு போனார். அந்தப் பக்கத்தில் விரல் நின்றது. அம்மன் தட்டு என்றால் என்ன என்று கேட்டார். சாம்பசிவம் சட்டைப் பைக்குக் கையைக் கொண்டுபோனார்.

வேலாயி அவரைப் பார்க்காமல், தனக்குத் தெரிந்த தோட்டத்து மலாயில் சொன்னாள். அது கோயில் செலவில்லை, துவான். கட்சிக் கூட்டத்துக்குச் சாப்பாடு வாங்கியது. பெட்டியிலிருந்து எடுத்தது என் கை. தட்டில் வைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

சாம்பசிவத்தின் கை சட்டைப் பையிலேயே நின்றுவிட்டது. அதிகாரி எழுதினார். மழை தகரத்தில் அடித்த சத்தத்தில் பேனா ஓடுவது கேட்கவில்லை. எழுதி முடித்ததைப் படித்துக் காட்டும்படி வேலாயி கேட்டாள். அவர் மெதுவாகப் படித்தார். கையெழுத்துப் போடுமுன் அவள் ஒன்று கேட்டாள். அதே கூட்டத்துக்குக் கம்பெனி ஐந்து லோரி கொடுத்ததே, அதை எந்தப் புத்தகத்தில் பார்ப்பீர்கள்?

அவர் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார். அது என் கோப்பில் வராது, அக்கா என்றார். அதிகாரியாகக் கேட்டுவந்த குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. அவள் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த மூன்று வாரம் சாம்பசிவம் அவளோடு பேசவில்லை. கொழுந்துக் கொட்டகையில் சில பெண்கள் அவள் வரும்போது வரிசையை மாற்றிக்கொண்டார்கள். ‘பிரியாணிப் பொருளாளர்’ என்று யாரோ பெயர் வைத்தார்கள். அது பல வருடம் நிலைத்தது.

பிறகு முடிவு வந்தது. சங்கத்தின் பதிவு ரத்தாகவில்லை, எச்சரிக்கையோடு விட்டார்கள். பொருளாளரை மாற்ற வேண்டும், முன்னூறு வெள்ளியும் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். காகிதத்தில் இருந்தது வேலாயியின் பெயர் மட்டுமே. மாதம் இருபத்தைந்தாகப் பன்னிரண்டு மாதம் அவள் கட்டினாள். சாம்பசிவம் பாதியைத் தருவதாக ஒருமுறை சொன்னார். அடுத்த முறை சொல்லவில்லை.

விசாரணை நாளில் அவள் சங்கப் பொறுப்பு எதுவும் இல்லாமல், கொழுந்து பறிப்பவளாக மட்டும் போனாள். கம்பெனி தரப்பில் பேசியவர் எதிர்பார்த்தது போலவே முன்னூறு வெள்ளிப் பேச்சை எடுத்தார். ஆமாம், செய்தேன், பதிவாளர் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, படியுங்கள் என்றாள். அதற்கு மேல் அவர் கேட்க ஒன்றுமில்லாமல் போயிற்று. நோட்டு மேசைக்கு வந்தது. கழிவு நான்கு கிலோவிலிருந்து இரண்டானது. ஒன்றரை ஆகவில்லை. அந்த அரைக் கிலோவைப் பற்றி வேலாயி கடைசிவரை குறை சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெயித்த வேட்பாளர் எந்த வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

1986இல் மறுபடி தேர்தல். கம்பெனி லோரிகள் பழையபடியே கொடி கட்டிக்கொண்டு நின்றன. சம்பள நாளன்று சாம்பசிவம் பித்தளைத் தட்டை ஆபீஸ் வாசலில் வைத்து, இந்த முறை கட்சிக்கு, அவரவர் கைக்காசு, சங்கப் பணம் இல்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். சட்டப்படி அதில் தவறு ஒன்றுமில்லை. தட்டின் ஓரத்தில் விபூதி இருந்தது. வரிசையில் நின்றவர்கள் ஏற்கெனவே வெள்ளி நோட்டைக் கையில் எடுத்துவிட்டார்கள்.

வேலாயி தன் முறை வந்தபோது விபூதியை முழுவதும் உள்ளங்கையில் வழித்து எடுத்தாள். கொஞ்சத்தை நெற்றியில் பூசிக்கொண்டு, மீதியைத் தன் சம்பள உறையில் போட்டுக்கொண்டாள். தட்டை முந்தானையால் துடைத்து அவர் முன்னால் வைத்தாள்.

“இப்ப கேளுங்கண்ணே. கேட்டா, வேணாம்னு சொல்றவங்க சொல்லட்டும்.”

வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றவள் தன் கையிலிருந்த இரண்டு வெள்ளியைப் பார்த்தாள். பிறகு சாம்பசிவத்தைப் பார்த்தாள். பிறகு அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.