திட்டினால் பிழைக்கும்

ஊரூர் குப்பத்து மண்ணாங்கட்டிக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை. இவர் பிறந்ததும் அம்மாக்காரி குப்பைமேட்டில் கிடத்தி, பக்கத்து வீட்டுக்காரியை எடுத்துக்கொள்ளச் சொல்லி, ஒரு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கூடவே இந்தப் பெயரையும் வைத்தாள். எமன் வந்து பார்த்தால் 'இதெல்லாம் ஒரு உருப்படியா' என்று தாண்டிப் போய்விடுவான் என்பது ஏற்பாடு. தாண்டித்தான் போனான். அறுபத்தொரு வயதாகிறது, ஒரு பல்கூட ஆடவில்லை.

ஆகவே கடலாமைக் குஞ்சுகளுக்குக் காவலாளாகச் சேர்ந்தபோது இந்த வித்தையையும் கையோடு கொண்டுவந்தார். கரையில் கிடைக்கிற முட்டைகளை மூங்கில் வேலிக்குள் புதைத்து வைப்பார்கள். பொரிந்ததும், பொழுது சாய்கிற நேரத்தில் ஈரமணலில் விடுவார்கள். உள்ளங்கையில் அடங்குகிற நூறு குஞ்சுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கடலுக்கு ஓடும். அதைப் பார்க்க மாம்பலத்திலிருந்தெல்லாம் கூட்டம் வரும், "எவ்வளவு அழகு" என்று உருகும். மண்ணாங்கட்டிக்குப் பொறுக்காது. ஆயிரத்தில் ஒன்று பிழைத்தாலே பெரிது. அதன்மேல் போய் இப்படியா கண் வைப்பது? உடனே ஈடுகட்டுவார்.

"ஓடு பீடை. மூஞ்சியப் பாரு, அடுப்புக்கரி மாரி கீது. தரித்திரம், நிக்காத, போ."

புகார் போகாமல் இருக்குமா? தொண்டர் குழுவை நடத்துகிற சூடாமணி, மயிலாப்பூர்க்காரி, வங்கி அதிகாரி, நாற்பது வயது, ஒருநாள் அவரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இன்னிக்கு ராஜா அண்ணாமலைபுரத்துலேர்ந்து பெரிய கூட்டம் வரது. வாயே திறக்கப்படாது. இன்னொரு புகார் வந்தா வேற ஆளைத்தான் போடணும்."

அன்றைக்கு ஆளுக்கொரு குஞ்சுக்குப் பெயர் வைக்கிற திருவிழா. சூடாமணியும் ஒன்றுக்கு வைத்தாள்: சித்தார்த்தன். அது அவள் தங்கை ஹம்சினியின் பிள்ளைக்குப் பார்த்து வைத்த பெயர். இரண்டு தடவை கலைந்து, மூன்றாவதாக ஏழாம் மாதத்திலேயே பிறந்து, ஆறு நாளாக ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது அந்தப் பிள்ளை. குஞ்சு கடலில் இறங்கிவிட்டால் பிள்ளையும் வீட்டுக்கு வந்துவிடும் என்று படித்தவள் மனசுக்குள் முடிந்து வைத்திருந்தாள். பிள்ளை பெட்டிக்குள் இருப்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

கூடையைச் சாய்த்தார்கள். சூர்யா ஓடியது, ஷீலா ஓடியது, பிரசாத் உருண்டு புரண்டு ஓடியது. சித்தார்த்தன் மட்டும் நாலடி நகர்ந்து படுத்துவிட்டது. கையால் தூக்கிவிடக் கூடாது, தானாக நடந்துதான் போகவேண்டும் என்பது விதி. விதியை எழுதியவள் சூடாமணியேதான்.

"சித்தூ, செல்லம், எழுந்திருடா ராஜா" என்று கூட்டமே கொஞ்சியது. கொஞ்சக் கொஞ்ச மண்ணாங்கட்டி துண்டை வாயில் திணித்துக்கொண்டார். கண்ணில் நீர் கோத்துவிட்டது. வேலை போனாலும் பரவாயில்லை என்று துண்டை உருவப் போனவர், சூடாமணியைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்கோ" என்றாள் மெதுவாக.

"டேய் சோம்பேறிக் கழுத, இன்னா படுத்துக்கினு கீற? உன்ன எவன்டா சீந்துவான்? எழுந்து போடா."

"போடா மூதேவி" என்றாள் சூடாமணி. அதற்குப்பிறகு யாருக்கு என்ன வெட்கம்? ராஜா அண்ணாமலைபுரமே வரிசையில் நின்று திட்டியது.

குஞ்சு தலையைத் தூக்கியது. நடந்தது. திட்டினதாலா, ஓர் அலை கிட்டத்தில் வந்து நனைத்ததாலா, யார் கண்டார்கள்? அடுத்த அலை அதை வாரிக்கொண்டு போயிற்று.

சூடாமணி தள்ளிப்போய்த் தங்கைக்குப் போன் போட்டாள்.

"ஹம்சினி, சித்தார்த்தனெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம். கொழந்தை ஆத்துக்கு வர வரைக்கும் அவனை மண்ணாங்கட்டின்னு கூப்பிடு. நர்ஸ்கிட்டயும் சொல்லு. காரணமெல்லாம் கேக்காதே."

மண்ணாங்கட்டி பின்னாலேயே வந்து நின்றார்.

"தவுடு வோணும் மேடம்" என்றார். "நம்ம வூட்ல கீது. ஒரு படி எடுத்தாரேன்."