பூட்டிய வீட்டு வாசலில்

2004-ல் பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரியின் மெயில் சர்வரை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குப்பை மெயில் தொல்லை தாங்காமல், சந்தேகமான மெயிலையெல்லாம் சத்தமில்லாமல் அழிக்கும்படி அமைத்துவிட்டேன். அனுப்பியவருக்குத் தகவல் போகாது. குப்பைக்கு எதற்கு மரியாதை என்பது என் எண்ணம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நண்பனைப் பார்க்க வேப்பந்தட்டை போனேன். வீடு பூட்டியிருந்தது. வந்துவிடுவான் என்று வெயிலில் நின்றேன். எதிர் வீட்டில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்த பெண் குரல் கொடுத்தார்.

"அவங்க ஊர்ல இல்லைங்க. நாளைக்குத்தான் வருவாங்க. வெயில்ல நிக்காதீங்க."

நான் யாரென்றுகூட அவர் கேட்கவில்லை. முகம் தெரியாதவனுக்கும் ஒரு வார்த்தை சொன்னார்; என் சர்வர் யாருக்கும் சொல்வதில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அது உறுத்திக்கொண்டே வந்தது.

மறுநாள் காலை, ஏற்காத மெயிலை வாசலிலேயே மறுத்து, அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பித் தெரிவிக்கும்படி சர்வரை மாற்றினேன். மதியம் ஜெயங்கொண்டத்திலிருந்து ஒரு பெண் கல்லூரிக்குப் போன் செய்தார்; மெயில் விஷயம் என்று என்னிடம் கொடுத்தார்கள்.

"சார், லேப் அசிஸ்டென்ட் வேலைக்கு எப்ப கூப்பிடுவீங்கன்னு இன்னிக்குக் கேட்டிருந்தேன். அந்த மெயில் திரும்பி வந்துடுச்சு. ஆனா போன வாரம் அனுப்புன அப்ளிகேஷன் திரும்பி வரலை. அது கெடச்சிருக்கும்ல சார்?"

விண்ணப்பிக்கும் காலம் சனிக்கிழமையோடு முடிந்திருந்தது. என் சர்வர் வாய் திறக்காததை, அவர் ஒரு வாரமாக நல்ல பதில் என்று நம்பிக்கொண்டிருந்தார்.