லாகின் யார் கையில்?

போன வெள்ளிக்கிழமை புனே ஹிஞ்சேவாடியில் ஒரு ஐ.டி. கம்பெனி கேட் முன்னால் நின்று கத்தினேன். செக்யூரிட்டி ஓடி வந்தார். ஆபீஸ் வண்டிக்காகக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பி.பி. மாத்திரை சாப்பிடுகிற வயதில் எனக்கு இது தேவையா? தேவைதான். இன்னும் கொஞ்சம் கத்தியிருக்கலாம்.

விஷ்ராந்த்வாடியில் எங்கள் பக்கத்து பில்டிங்கில் மல்லிகா அக்கா இருக்கிறார். ஆபீஸ்களுக்கு மதியச் சாப்பாட்டு டப்பா சமைத்து அனுப்புகிறவர். புனேயிலேயே பிறந்து வளர்ந்ததால் தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடிப்பார். ஒரு பெரிய ஆபீஸ் தினமும் அறுபது டப்பா கேட்டது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வெப்சைட்டில் மெனு பார்த்து முடிவு செய்வார்களாம். அக்கா சந்தோஷத்தில் பக்கத்து ஏரியா ஏரவாடாவிலிருந்து இரண்டு பெண்களை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து வெப்சைட் படுத்துவிட்டது. வெப்சைட்டுக்கு இடம் கொடுத்திருந்த பழைய ஹோஸ்டிங் கம்பெனி கடையைக் கட்டிவிட்டதாம். என் மகள் உட்கார்ந்து எல்லாவற்றையும் புது கம்பெனிக்கு மாற்றினாள். பாக்கி ஒன்றே ஒன்று — டொமைனில், அதாவது வெப்சைட்டின் பெயரில், நேம்சர்வரை மாற்ற வேண்டும். வீடு மாறினால் போஸ்ட் ஆபீஸில் புது அட்ரஸ் எழுதிக் கொடுப்போமே, அந்த மாதிரி. இரண்டே வரி. யார் வேண்டுமானாலும் டைப் செய்யலாம்... லாகின் இருந்தால்!

லாகின் இருந்தது வெப்சைட் செய்து கொடுத்தவரிடம். ரகு என்று வைத்துக்கொள்வோம். ஹிஞ்சேவாடியில் வேலை, சைடில் வெப்சைட். அக்காவின் டொமைனைத் தன் பெயரில், தன் ஈமெயிலில் வாங்கி வைத்திருக்கிறார்.

"நீங்க எதுவும் எழுதி வாங்கலையாக்கா?" என்றேன்.

"அரே, நம்ம ஆளுகிட்ட எப்டி தம்பி கேக்கறது? தப்பா நெனச்சுக்க மாட்டாரா?"

இதில் கொடுமை என்ன தெரியுமா? வெப்சைட் செய்ய முதலில் நாங்கள் பார்த்தது பக்கத்துத் தெரு மராத்திக்காரரை. டொமைன் அக்கா பெயரில்தான் இருக்க வேண்டும் என்று அடையாள அட்டை, ஈமெயில், கையெழுத்து எல்லாம் கேட்டார். ரொம்பக் கேள்வி கேட்கிறார் என்று நழுவி வந்துவிட்டோம். ரகு எதையும் கேட்கவில்லை. "நான் பாத்துக்கறேன்கா" என்று அழகான தமிழில் சொன்னார். உருகிவிட்டோம். அவரைக் கூட்டி வந்தது யார்? அடியேன்தான்.

ஒன்பது நாள் போன் செய்தோம். "மீட்டிங்ல இருக்கேன்கா." "நாளைக்குக்கா." "ரெண்டு நிமிஷ வேலைக்கா." ரெண்டு நிமிஷ வேலைக்கு ஒன்பது நாளா? வெள்ளிக்கிழமை காலை டிராஃபிக்கில் ஊர்ந்து ஊர்ந்து நேரிலேயே போய்விட்டோம்.

கழுத்தில் ஐடி கார்டு ஆட இறங்கி வந்தார். மொபைலை எடுத்துத் தட்டினார். உண்மையாகவே ரெண்டு நிமிஷம்தான்! அப்புறம் சாவகாசமாகச் சொன்னார்: "மாத்திட்டேன்கா. எல்லாருக்கும் ஓப்பன் ஆக ஒருநாள், ரெண்டுநாள்கூட ஆகலாம்."

மணி பன்னிரண்டு. மூன்று மணிக்கு முடிவு. அப்போதுதான் கத்தினேன்.

அக்கா கத்தவில்லை. "டொமைன என் பேருக்கு மாத்திக் குடுங்க" என்றார், அவ்வளவுதான். ரகுவின் முகம் வாடிப்போனது.

"என்மேல நம்பிக்கை இல்லையாக்கா?"

"இருந்துச்சு. அதனாலதான் இங்க வந்து நிக்கிறேன்."

மெனுவை வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கெஞ்சிப் பார்த்தோம். நாலு மணிக்கு ஆபீஸிலிருந்து போன் வந்தது. வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். வெப்சைட்டையே ஓட வைக்க முடியாதவர் டப்பாவை நேரத்துக்கு அனுப்புவாரா என்று கேட்டார்களாம்.

அக்கா ஏரவாடாவுக்கு போன் போட்டார். "சோம்வார் கோ மத் ஆனா... பாத் மே போல்தி ஹூன்." திங்கட்கிழமை வர வேண்டாம், அப்புறம் சொல்கிறேன் என்று. அதையே இன்னொரு பெண்ணிடமும் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை குரல் உடைந்துவிட்டது.

ரகு மேல் கோபம் கோபமாக வருகிறது. என் மேல் அதைவிட. பேசுகிற பாஷையைப் பார்த்து ஆளைப் பிடித்தவன் நான்தானே?

உங்கள் டொமைன் யார் பெயரில் இருக்கிறது? இன்றைக்கே கேளுங்கள். கேட்கக் கூச்சமா? வேலைக்கு வரச் சொன்ன பெண்ணிடம் 'வராதே' என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்... கூச்சம் என்றால் என்ன என்று தெரியும்!